ஈடுசெய் விடுப்பில் பார்த்த படங்கள்

பிப்ரவரி 5, புதன்

தூங்கினேன். ஒன்பது மணிக்கு எழுந்து காபி குடித்துவிட்டு மறுபடியும் தூங்கினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எட்டு மாதம் கழித்து நேற்றுத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். ஜூனில் எழுதிய கடைசிப் பக்கத்தில் "இன்று முதல் தினமும் நடைப்பயிற்சி" என்று இருக்கிறது. சிரிப்புத்தான் வருகிறது.

எங்கள் கல்லூரிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டுக் குழு வந்து தரம் போடும். அந்தத் தரத்தைத்தான் நிர்வாகம் பேருந்து முதுகிலெல்லாம் எழுதி வைக்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சேரும். மூன்று பேர் இரண்டு நாள் வந்து பார்ப்பதற்கு நாங்கள் எட்டு மாதம் செத்தோம். ஐந்து வருஷத்தில் நடந்ததெல்லாம் ஃபைலில் இருக்க வேண்டும் என்பது விதி. நடக்காததும் இருக்க வேண்டும் என்பது எங்கள் பிரின்சிபால் சாமியப்பன் சாரின் விதி. ஒரே மதியத்தில் மூன்று சேலை மாற்றி, மூன்று பேனர் மாற்றி, மூன்று வருஷத்து மகளிர் தினத்தைக் கொண்டாடிப் போட்டோ எடுத்துக்கொண்டோம். இருபத்திரண்டு வருஷமாகப் பொருளாதாரம் நடத்துகிறவள் நான். டிசம்பரில் கல்லூரி மொட்டை மாடியில் குடை பிடித்து உட்கார்ந்து, புதிதாக எழுதிய பழைய கூட்ட மினிட்ஸ்களை வடகம் மாதிரி காயப்போட்டுக் காக்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். தாள் பழுப்பேறினால்தான் பழைய வருஷம் மாதிரி இருக்குமாம்.

செவ்வாய் மாலை குழுவின் கார் கேட்டைத் தாண்டியதும் சார் என்னைக் கூப்பிட்டு, "கோதை மேடம், பத்து நாளைக்கு நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாதுங்க. ஈடுசெய் விடுப்பு. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அவராகவே லீவு என்று சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

சரியாக இந்த வாரம் பார்த்துத் திரைக் கழகத்தில் ஏழு நாள் உலகப் பட விழா. அச்சக உரிமையாளர் சங்கக் கட்டடத்தின் மாடி ஹால், தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு படம். கல்யாணத்துக்கு முன்னால் நான் விழுந்து விழுந்து பார்த்த வகைப் படங்கள். ஏழையும் பார்ப்பது, நடுவில் வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடுவது, கல்லூரியைப் பற்றி நினைக்காமல் இருப்பது. திட்டம் இவ்வளவுதான்.

இன்றைய படம்: உப்பளத்தில் வேலை பார்க்கும் அப்பாவும் மகளும். மொத்தம் பதினொரு வசனம், எண்ணினேன். முடியும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பைப் பார்த்து அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்பும் வழியில் பேக்கரியில் தேன் கேக் அரைக் கிலோ வாங்கினேன். சர்க்கரை அளவைப் பற்றி மார்ச்சில் கவலைப்படலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டார் ரீவைண்டிங் கடையை மதியமே பூட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தார் பாவம்.

ஏதோ ஒரு மலைநாட்டுப் படம். ஒரு அரசாங்க அலுவலகம். வெளியே பெஞ்சில் ஒரு பெண், மடியில் ஒரு கவர். குமாஸ்தாக்கள் அவளைத் தாண்டிப் போகிறார்கள், வருகிறார்கள், டீ வருகிறது, டம்ளர் திரும்பப் போகிறது. கேமரா அசையவே இல்லை. ஏழு நிமிடம், வாட்ச்சைப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் வேறு எதையோ காட்டிவிட்டுத் திரும்ப அதே பெஞ்ச். கடைசியில் பெஞ்ச் மட்டும் இருக்கிறது, பெண் இல்லை. விளக்கு போட்டதும் தாடி வைத்த ஒருவர் எழுந்து, "இந்தப் படத்தின் கதாநாயகனே பெஞ்ச்தான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கழுதை, நானும் ஆட்டினேன்.

வெளியே டீ குடிக்கும்போது இவர் சொன்னார்: "ஏன் கோதை, யாராச்சும் ஒருத்தரு அந்தப் புள்ளையக் கூப்புட்டு, என்ன கண்ணு வேணும்னு கேட்டிருந்தா படம் பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்குமல்ல?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க. நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்."

"இப்ப நான் என்ன சொல்லிப்போட்டேன்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன். அந்த மனிதர் மேல் ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. தூக்கம் இன்னும் போதவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

காலையில் பார்லர். வெந்நீரில் ஷாம்பு போட்டுக் காலை ஊறவைத்தார்கள். பாதத்தைத் தேய்த்த பெண், "என்னங்க மேடம், வயக்காட்டுல வேலையா? இப்புடி வெடிச்சிருக்குது" என்றாள். சிரித்துவிட்டேன். கால் பஞ்சாக இருந்தது. சந்தன சோப்பு வாங்கினேன். காபிக்குப் புதுப் பொடி, சிக்கரி கலக்காதது. மதியம் யாருக்கும் சமைக்காமல் எனக்கு மட்டும் நெய் ரோஸ்ட் வரவழைத்துச் சாப்பிட்டேன். இப்படி ஒரு நாள் வாழ்ந்து எத்தனை வருஷமாயிற்று.

மாலைப் படத்தில் ஒரு ஊரே பனியில் மூடிக் கிடக்கிறது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். படம் மோசமில்லை.

எங்கள் துறை வாசலிலும் ஒரு பெஞ்ச் உண்டு. அதில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் சிந்துஜா, இரண்டாம் வருஷ வேதியியல். இதை இங்கே எழுதியதற்குக் காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தேன் கேக் தீர்ந்துவிட்டது. படம் பார்த்தேன். நன்றாக இருந்தது. என்ன படம் என்று மறந்துவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதித்தான் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது.

கல்லூரியில் மாணவர் குறைதீர்க் குழு என்று ஒன்று உண்டு. நான்தான் அதன் கன்வீனர். அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி சிந்துஜா என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். லேப் பொறுப்பாளர் மோகனசுந்தரம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட அவளைத் தனியாக வரச் சொல்கிறார், வந்தால் கையைப் பிடிக்கிறார், விடமாட்டேன் என்கிறார். கோடு போட்ட தாளில், முத்து முத்தான எழுத்தில், "இதன் மீது தயவுகூர்ந்து நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடித்திருந்தாள்.

"கொஞ்சம் பொறும்மா. கையில இருக்கறது முடிஞ்சதும் மொத வேலை இதுதான்" என்றேன். அப்போது ஜனவரியில் விசிட் என்றார்கள். பிறகு பிப்ரவரி என்றார்கள். அவள் வாரத்தில் இரண்டு நாள் வந்து பெஞ்சில் உட்காருவாள். நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எழுந்து நிற்பாள். நான் கையைக் காட்டிவிட்டுப் போவேன். கடிதம் என் கைப்பையின் உள் ஜிப்பில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இன்று படத்துக்குப் போகவில்லை. மதியம் போன் பண்ணினேன்.

"சிந்துஜாவா? நான் பூங்கோதை மேம் பேசறேன்."

"சொல்லுங்க மேம்."

"எப்படிம்மா இருக்கே? கிளாஸுக்கு வர்றதில்லைன்னு சொன்னாங்க."

"டிசம்பர் பன்னெண்டுல இருந்து வர்றதில்லைங்க மேம்."

"விசிட் முடிஞ்சிருச்சும்மா. அதான் உன் லெட்டரை இப்பப் பார்க்கலாம்னு..."

"என்ன விசிட் மேம்?"

எட்டு மாதம் எங்கள் உயிரை எடுத்ததன் பெயரே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"அப்பா பழனிக்கு நடந்து போயிருக்காங்க மேம். நாளைக்குத் தைப்பூசமல்லங்க, முடிச்சுட்டு வந்துருவாங்க. வந்ததும் டி.சி. வாங்க வருவோம். வேற காலேஜ்ல சேரோணும். அப்பறம், லெட்டர் ஒன்னு புதுசா எழுதியிருக்கறேன். இந்தத் தடவ பிரின்சிபால் சார் கையிலயே குடுத்தர்றோம்."

"குடும்மா, குடு" என்றேன். வேறென்ன சொல்வது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பொள்ளாச்சி ரோடெல்லாம் பச்சை வேட்டி. அந்தக் கூட்டத்துக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு படத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்தர்களுக்கு நீர்மோர் கொடுத்த பந்தலில் நானும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன்.

குறைதீர்க் குழு வருஷத்துக்கு நான்கு முறை கூட வேண்டும். ஒருமுறைகூடக் கூடியதில்லை. எல்லாக் கல்லூரியிலும் இதே கதைதான். ஐந்து வருஷத்துக்குமாக இருபது கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மாணவர் பிரதிநிதி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நவம்பரில் ஒரு நாள், சார் அரை மணி நேரத்தில் ஃபைல் வேண்டும் என்கிறார், கையெழுத்துக்கு ஆளைத் தேடி வெளியே ஓடுகிறேன், பெஞ்சில் சிந்துஜா உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டேன். தன் கடிதத்துக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, முகம் மலர்ந்துதான் வந்தாள். வெற்றுத் தாளை நீட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. மேம் சொல்கிறேன், போட்டாள்.

அந்தத் தாளில் பிறகு நான் எழுதியது: "இக்காலாண்டில் மாணவர்களிடமிருந்து புகார் எதுவும் பெறப்படவில்லை."

வேண்டுமென்று செய்யவில்லை. எல்லாத் தாளிலும் அதே வரிதான், கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. நான் எழுதிய வரிக்குக் கீழே அவள் பெயர் இருப்பது அன்றைக்குக் கண்ணில் படவே இல்லை. சத்தியமாக.

இன்னொரு தாளும் உண்டு. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

பிப்ரவரி 12, புதன்

ரிசல்ட் வந்துவிட்டது. எங்களுக்கு உயர்ந்த தரம். சார் போனில் அழாத குறை. "மேடம், ரிப்போர்ட்ல உங்க குழுவத் தனியாப் பாராட்டியிருக்காங்க. அஞ்சு வருசத்துல ஒரு புகாருமில்ல, ஆனாலும் குழு தவறாமக் கூடியிருக்குதுன்னு. ஆண்டு விழாவுல உங்களுக்குத்தானுங்க மொத பொன்னாடை."

"சார், ஒரு விஷயம்..."

"சொல்லுங்க மேடம்."

"ஒன்னுமில்லைங்க சார். ரொம்ப சந்தோஷம்."

கடைசிப் படத்துக்குப் போனேன். ஒரு கிழவர் வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். எல்லோரும் கைதட்டினார்கள். விழா முடிந்ததற்குக் குலாப் ஜாமூன் கொடுத்தார்கள். இரண்டு சாப்பிட்டேன், இனிப்பே தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சார் போனில் கூப்பிட்டார். சிந்துஜாவும் அவள் அப்பாவும் வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில், அக்டோபரிலேயே பூங்கோதை மேமிடம் கொடுத்தேன் என்று தேதியோடு எழுதியிருக்கிறாளாம்.

"குடுத்துச்சுங்களா மேடம்?"

"ஏதோ ஒரு நாள் வந்தாப்புல ஞாபகம் சார்."

"ரிசல்ட் வந்த வாரத்துலயே புகார்னா ஃபைலே பொய்னு ஆயிருங்க. பொய்யின்னா அடுத்து எழுதுனது யாருன்னு கேப்பாங்க. கையெழுத்து யாருது? உங்குளுது." குரல் தணிந்தது. "திங்கக்கிழமை அவங்களக் கூப்புட்டிருக்கறேன். குழுவக் கூட்டி சுமூகமா முடிச்சு உட்ருவோம்."

பிப்ரவரி 15, சனி

லேப்டாப்பில் ஒரு படம் போட்டேன். அதையும் பெரிய விழாவில் பரிசு வாங்கிய படம் என்கிறார்கள். இவர் ரோட்டுக் கடையில் எனக்குப் பிடித்த காளான் கட்டி வாங்கி வந்து, மேலே வெங்காயம் தூவி, தட்டை என் மடியில் வைத்தார். ஒரு வாரமாக என்னிடம் எதுவும் கேட்காமல் இருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

குழுவில் ஏழு பேர். இன்று வந்தது சாரும் நானும்தான். மற்றவர்களுக்கு வகுப்பு இருந்ததாம். இருபது முறை கூடியதாக நான் எழுதிய குழு உண்மையில் கூடியது இன்றைக்குத்தான். டீயும் பிஸ்கட்டும் வந்தன. மோகனசுந்தரத்தைக் கூப்பிடவே இல்லை.

சிந்துஜா மெலிந்திருந்தாள். அவள் அப்பா ரங்கசாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நடந்து வந்த கொப்புளம் ஆறாமல், காலில் துணி சுற்றியிருந்தது.

சார் ஃபைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "இது உன்ற கையெழுத்துத்தானேம்மா? நவம்பர் பதினாலு. ஜனவரி எட்டு. ரெண்டு கூட்டத்துலயும் புகாரே இல்லீன்னு நீயே போட்டுக் குடுத்திருக்கறே. இப்ப வந்து அக்டோபர்லயே சொன்னேன்னா எப்புடி?"

அவள் குனிந்து பார்த்தாள். "நவம்பருது நான் போட்டதுங்க சார். மேம் போடச் சொன்னாங்க. அப்ப இதுல ஒன்னுமே எழுதல, வெத்துத் தாளு." பக்கத்தைத் திருப்பினாள். "இது நான் போடலைங்க. டிசம்பர் பன்னெண்டுக்கப்பறம் நான் இந்தக் கேட்டுக்குள்ளயே வரல. அட்டெண்டன்ஸ் எடுத்துப் பாருங்க."

சார் என்னைப் பார்த்தார். ரங்கசாமி என்னைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

வேறொரு நாள் எழுதுகிறேன் என்ற தாள் அதுதான். மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின வாரம், இந்த வருஷத்து நான்காவது கூட்டம் குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். நவம்பரில் பிரதிநிதியாகப் போட்டது அவளை, அவளோ வருவதில்லை. நவம்பர் கையெழுத்து எதிரிலேயே இருந்தது.

"மேடம்?" என்றார் சார்.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க சார்" என்றேன். "அப்ப வேலை நெருக்கடி. யார் யார்கிட்ட வாங்கினோம்னு..."

அவ்வளவுதான் சொன்னேன். அதைச் சொல்ல மூச்சு வாங்கவில்லை, நாக்கு உளறவில்லை. வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில் வந்தது.

பிறகு சார் ரங்கசாமியிடம் பேசினார். பொம்பளைப் பிள்ளை, எதிர்காலம், பேர் அடிபடுவது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் நாளைக்கே நன்னடத்தையோடு டி.சி. "இல்லீன்னா விசாரணை முடியற வரைக்கும் டி.சி. குடுக்க முடியாதுங்க. எப்ப முடியும்னு எனக்கே தெரியாது."

"என்ற புள்ள படிக்கோணுமுங்க சார்" என்றார் அவர். "எனக்கு அது போதுங்க. எங்க போடோணும்?"

மினிட்ஸை நான்தான் எழுதினேன். "தவறான புரிதலால் அளித்த புகாரை மாணவி தம் விருப்பப்படி திரும்பப் பெற்றுக்கொண்டார்." ரங்கசாமி எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டார். பேனா சிந்துஜாவிடம் போனது. அவள் தாளைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். ஒன்றரைப் பக்கம். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். படித்து முடித்ததும் பேனாவை மூடி என் முன்னால் வைத்தாள்.

"இதையும் நீங்களே போட்டுக்கங்க மேம்."

எழுந்து போய்விட்டாள். அவள் அப்பா இரண்டு கையையும் கூப்பி, "சின்னப் புள்ளைங்க, மன்னிச்சுக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

சார் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாளை ஃபைலில் வைத்து என்னிடம் நீட்டினார். "மாணவி கையெழுத்து இல்லாம ஃபைல முடிக்க முடியாதுங்க. நாளைக்குக் காலையில என்ற டேபிள்ல இருக்கட்டும். அவங்களுக்கும் டி.சி. குடுத்தரலாம்."

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை ஏழு மணி. இவர் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். சாப்பாட்டு மேஜையில் நானும் அந்தத் தாளும்.

கையெழுத்து இல்லாவிட்டால் ஃபைல் முடியாது. ஃபைல் முடியாவிட்டால் டி.சி. இல்லை. டி.சி. இல்லாவிட்டால் அந்தப் பெண்ணை எந்தக் கல்லூரியிலும் சேர்க்க மாட்டார்கள். ஒரு பிள்ளையின் படிப்பு என் கையில் இருக்கிறது. இப்படி யோசித்தால், நான் அவளுக்கு நல்லதுதான் செய்கிறேன். எப்படி யோசித்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. பாவி நான், வேறு மாதிரி யோசிக்க எனக்கு எங்கே துணிச்சல் இருக்கிறது.

போட்டுவிட்டேன். ஜனவரியில் தனியாக ஒரு தாளில் நாலைந்து தடவை எழுதிப் பழக வேண்டியிருந்தது. இந்தத் தடவை அது தேவைப்படவில்லை.